லோக்கல் கார்டியனாக இருக்கும் மாமாவுக்கு: கடனை அடைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கமிருந்து பெங்களூருவுக்குப் படிக்க வரும் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பத்தில் ‘லோக்கல் கார்டியன்’ என்ற கட்டத்தைப் பார்த்தால், அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ குடியிருக்கும் ஒரு மாமாவின், சித்தப்பாவின் அல்லது அத்தையின் கைப்பேசி எண் இருக்கும். கையெழுத்துப் போட்டதோடு பொறுப்பு முடிந்தது என்றுதான் பலரும் இருப்பார்கள். இரண்டாம் ஆண்டின் நடுவில் ஒருநாள் வகுப்பாசிரியரோ, பி.ஜி. விடுதிக்காரரோ, முன்பின் தெரியாத கடன் செயலியின் வசூல் ஆளோ அழைத்து, பையன் கைப்பேசியில் பணம் கட்டிச் சூதாடி மாட்டிக்கொண்டிருக்கிறான் என்ற செய்தியைச் சொல்லும்போதுதான் அந்த எண் எதற்குக் கேட்கப்பட்டது என்பது உறைக்கும். அப்படி ஓர் அழைப்பு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெண் பிள்ளைகளும் இதில் சிக்குகிறார்கள். எழுத்து வசதிக்காக மட்டுமே ‘பையன்’ என்று குறிப்பிடுகிறேன்.

அந்த நேரத்தில் வாயில் முதலில் வரும் சொல், ‘மொத்தம் எவ்வளவுன்னு சொல்லு, கட்டித் தொலைக்கிறேன், இனிமேல் தொடாதே’ என்பதுதான். பாசத்தில் வரும் சொல்லானாலும், அதை முதல் வேலையாகச் செய்தால் பெரும்பாலும் கெடுதலாகவே முடிகிறது. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேடு 2013இல் சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் பழக்கங்களுடன் ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது. 12 மாதங்களுக்குள் 9 அறிகுறிகளில் 4 இருந்தாலே கோளாறு என்று கொள்ளும் அந்தப் பட்டியலின் கடைசி அறிகுறி, சூதாட்டத்தால் வந்த பண நெருக்கடியிலிருந்து தப்பிக்கப் பிறருடைய பணத்தை நம்பியிருப்பது. நீங்கள் அவசரமாகக் கட்டும் தொகை அந்த அறிகுறிக்கு இன்னொரு சான்றாகத்தான் சேரும். கடன் தீர்ந்துவிட்டால், செயலியும் யூ.பி.ஐ.யும் அப்படியே கையிலிருக்க, ‘இந்த முறை நிதானமாக ஆடலாம்’ என்ற நினைப்போடு ஒரு பையன் மிஞ்சுவான். கடனை அடைக்கவே கூடாது என்பதில்லை. கணக்கு முழுவதும் வெளியே வந்து, பணம் அவன் விரலுக்கு எட்டாத இடத்துக்குப் போன பிறகுதான் அடைக்க வேண்டும்.

முதல் இரவு

கணக்கையும் கடனையும் மறுநாளைக்குத் தள்ளிவைக்கலாம். பையனின் உயிரைப் பற்றிய கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. கடன் வெளியே தெரிந்துவிட்ட நாள்தான் மிக ஆபத்தான நாள். ‘செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேரடியாகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது; சொல்ல வழி தெரியாமல் இருந்தவனுக்கு வழி கிடைக்கும். ஆம் என்றாலோ, பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலோ, அன்று அவனை விடுதி அறையில் தனியாக விடாமல் உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணான 14416இல் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவும் இரவில் இயங்குகிறது.

அந்த இரவில் செய்யக் கூடாதவையும் சில உண்டு. கைப்பேசியைப் பிடுங்கி வைக்காதீர்கள். கல்லூரியின் அறிவிப்புகள், வங்கியின் ஓ.டி.பி., மறுநாள் நீங்கள் பார்க்க வேண்டிய சான்றுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். அம்மா மேல் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் செய்தவன் மறுபடி சறுக்கினால், ஆட்டத்தோடு சத்தியத்தை மீறியதையும் மறைக்க வேண்டியவனாகிறான். அந்த மறைப்புதான் அடுத்த கடனை வளர்க்கிறது.

கணக்கை வெளியே கொண்டுவருவது

மறுநாள் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும்.

‘எவ்வளவுடா தம்பி?’

‘இருபதாயிரம்தான் மாமா. அடுத்த மாசம் கட்டிடுவேன்.’

முதலில் சொல்லப்படும் தொகை, மாமா எவ்வளவு தாங்குவார் என்று பையன் மனத்துக்குள் போட்ட மதிப்பீடுதான். அதை நம்பி ஏமாறவும் வேண்டாம், பொய் என்று பாயவும் வேண்டாம். உளவியலாளர்கள் 1990களிலிருந்து பயன்படுத்தும் இரண்டே கேள்விகள் கொண்ட ஒரு சோதனை இருக்கிறது: மேலும் மேலும் அதிகப் பணம் கட்ட வேண்டும் என்று தோன்றியதுண்டா, எவ்வளவு ஆடினாய் என்பதைப் பற்றி முக்கியமானவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்ததுண்டா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ வந்தாலே மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது அதன் விதி. பையன் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லும் வாய்ப்பையும் கொடுங்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போதோ, அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்கும்போதோ, எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காரும்போது வராத பேச்சு வரும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. கடந்த 6 மாதப் பரிவர்த்தனைப் பட்டியலை அவனையே இறக்கச் சொல்லி, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பேனாவோடு வரி வரியாகப் பாருங்கள். வங்கிப் பட்டியலில் பெரும்பாலும் தேதி மட்டுமே இருக்கும். நேரத்தைப் பார்க்க யூ.பி.ஐ. செயலியின் வரலாற்றைத் திறக்க வேண்டும். நள்ளிரவு தாண்டி 500, 500, 1,000, 2,000 என்று சில நிமிட இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும் வரிகள் இருந்தால், விட்டதைப் பிடிக்கப் போன இரவு அது. பணம் பெற்றவரின் பெயர் ஒவ்வொரு முறையும் மாறியிருக்கும்: ஒரு நாள் ஏதோ டிரேடர்ஸ், மறுநாள் ஏதோ கைப்பேசிக் கடை, அதற்கடுத்த நாள் முன்பின் தெரியாத ஒரு தனிநபர். வெளிநாட்டிலிருந்து நடக்கும் பந்தயத் தளங்கள் வாடகைக்கு எடுத்த கணக்குகளின் வழியாகப் பணம் வாங்குவதும், ஒன்று முடங்கினால் அடுத்ததைக் கொடுப்பதும்தான் இதற்குக் காரணம். 5,000 ரூபாய்க் கடனுக்கு 3,900 மட்டும் வரவாகியிருந்தால், கட்டணத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்ட கடன் செயலி ஒன்று இருக்கிறது என்று பொருள்.

தோற்ற வரிகளைக் காட்டிலும் வென்ற வரிகளைக் கூர்ந்து பாருங்கள். 12,000 ரூபாய் வரவாகியிருக்கும் ஒரு வரியைக் கண்டுபிடித்து, அடுத்த இரண்டு மூன்று நாட்களில் அது எங்கே போனது என்று அவனையே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அத்தனையும், அதற்கு மேலும், அதே வழியில் திரும்பிப் போயிருக்கும். வென்ற நாளை அவன் நினைவில் வைத்திருப்பான், அந்தப் பணம் திரும்பிப் போன நாளை வைத்திருக்க மாட்டான். ஒரு மணி நேர அறிவுரை செய்யாத வேலையை இந்த ஒரு பக்கம் செய்துவிடும்.

இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. எப்போது பரிசு வரும் என்று தெரியாதபடி அவ்வப்போது மட்டும் பரிசு கொடுத்தால், ஒரு செயல் எளிதில் விட முடியாத பழக்கமாகிவிடும் என்பது உளவியல் ஆய்வகங்களில் நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ரம்மியும், அடுத்து வரும் நிறத்தை ஊகிக்கும் கலர் ஆட்டங்களும், பறக்கும் விமானம் மறைவதற்குள் பணத்தை எடுக்கச் சொல்லும் ஆட்டங்களும் அதே அமைப்பில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. ‘இத்தனை முறை தோற்றாயிற்று, இனி வந்துதான் ஆக வேண்டும்’ என்ற கணக்கும் புதிதல்ல. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில் கறுப்பும் சிவப்புமான கட்டங்கள் கொண்ட ரூலெட் சக்கரம் தொடர்ந்து 26 முறை கறுப்பிலேயே நின்றது. அடுத்தது சிவப்புதான் என்று பணத்தைக் கொட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். நிகழ்தகவுப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பொறியியல் மாணவனும் இரவு 2 மணிக்கு இதே கணக்கைத்தான் போடுகிறான்.

பட்டியலில் வராத கடன்களும் உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும். பையன் தன் பெயரில் அவற்றைப் பெற்றால், பதிவு பெற்ற நிறுவனங்களில் வாங்கிய கடன்கள் பெரும்பாலும் தெரிந்துவிடும். விடுதி நண்பர்களிடம் வாங்கிய கைமாற்று, மீட்டர் வட்டிக்காரர், அடகுக் கடையில் இருக்கும் சங்கிலி, விற்ற லேப்டாப் ஆகியவை எந்த அறிக்கையிலும் வராது. அவற்றை அவன் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். செமஸ்டர் கட்டணம் கட்டியாயிற்று என்று அவன் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், கல்லூரிக் கணக்குப் பிரிவில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றைக் குரலை உயர்த்தாமல் கேட்டாக வேண்டும்: ‘உன் பாஸ்புக்கையோ, ஏ.டி.எம். அட்டையையோ, சிம்மையோ யாரிடமாவது கொடுத்திருக்கிறாயா?’ கடனில் தவிக்கும் மாணவர்களைத் தேடி வந்து, கணக்கை வாடகைக்கு விட்டால் மாதம் இவ்வளவு தருகிறோம் என்று ஆசை காட்டும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பந்தயப் பணமும், எங்கோ யாரையோ ஏமாற்றிய பணமும் புரளும். கடைசியில் வேறொரு மாநிலக் காவல்துறையின் அறிவிப்பு கணக்கு வைத்திருப்பவனின் பெயருக்குத்தான் வரும். கொடுத்திருந்தால், அன்றே வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்துக் கணக்கை நிறுத்தச் செய்துவிட்டு, ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, சைபர் குற்றங்களைக் கவனிக்கும் ‘சென்’ காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். சூதாட்டக் கடனைவிடப் பையனின் எதிர்காலத்தைக் கெடுக்கக்கூடியது இதுதான்; கேட்கத் தயங்காதீர்கள்.

பணத்தை எட்டாத இடத்தில் வைப்பது

மன உறுதியை நம்பி இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஆட வேண்டும் என்ற வேகம் ஏறி இறங்கக்கூடியது. ஏறியிருக்கும் நேரத்தில் பணம் கைக்கு எட்டாமல் இருந்தால் அந்த வேகம் தானாகத் தணிய அவகாசம் கிடைக்கும். ஊரிலிருந்து வரும் கல்லூரிக் கட்டணத்தை நேராகக் கல்லூரிக் கணக்கிலும், விடுதி வாடகையை நேராக விடுதிக்காரரிடமும் கட்டச் செய்யுங்கள். சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் மட்டும், மாதத்துக்கு ஒரு முறை அல்லாமல் வாரத்துக்கு ஒரு முறை கொடுங்கள்.

கையில் பணமே இல்லாமல் பெங்களூருவில் ஒரு மாணவனால் ஒரு டீகூடக் குடிக்க முடியாது என்பதால், 2024இல் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் கொண்டுவந்த ‘யூ.பி.ஐ. சர்க்கிள்’ வசதி இங்கே மிகவும் உதவும். உங்கள் கணக்கிலிருந்து அவன் செலவு செய்யலாம். ஒவ்வொரு செலவுக்கும் நீங்கள் ஒப்புதல் தரும்படியும் வைக்கலாம். மாதம் 15,000 ரூபாய்க்கும், ஒரு முறைக்கு 5,000 ரூபாய்க்கும் மிகாத வரம்புக்குள் அவனே செலவழிக்கும்படியும் வைக்கலாம். தொடக்கத்தில் முதல் வழியே நல்லது; ஒரு தோசைக்கும் ஒப்புதல் கேட்டு உங்கள் கைப்பேசி ஒலிப்பது சில வாரங்களுக்குத் தொந்தரவாகத்தான் இருக்கும். அவனுடைய சொந்தக் கணக்கில் யூ.பி.ஐ. பதிவை நீக்கச் செய்து, டெபிட் அட்டையின் இணையவழிப் பயன்பாட்டை நிறுத்தி வையுங்கள். அட்டைதாரரே அதை நிறுத்தவும் திறக்கவும் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அவனுக்கு 18 வயது ஆகிவிட்டது, கணக்கு அவனுடையது. ஆகவே இவை அனைத்தும் அவன் சம்மதத்தோடு, அவன் கையாலேயே நடக்க வேண்டும். எத்தனை மாதங்களுக்கு என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

செயலிகளை நீக்குவதோடு, பந்தயத் தளத்துக்குள் நுழைய ‘ஐடி’ கொடுக்கும் ஏஜென்டின் எண்ணையும், ‘உறுதியான டிப்ஸ்’ தரும் டெலிகிராம் குழுக்களையும் தடை செய்ய வேண்டும். ‘வாலட்டில் 40,000 இருக்கிறது, வரி கட்டினால் எடுத்துக்கொள்ளலாம்’ என்று செய்தி வந்தால் அது மோசடி. சட்டப்படி வரி, வென்ற தொகையிலிருந்து பிடிக்கப்படுவது. அதை முன்பணமாகக் கட்டும்படி கேட்பதில்லை.

எந்தக் கடனை எந்த வரிசையில்

பந்தயத்தில் தோற்றதாகச் சொல்லி ‘ஐடி’ ஏஜென்ட் கேட்கும் பணம் பட்டியலின் கடைசியில்கூட இடம்பெற வேண்டியதில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. அந்தப் பணத்தை நீதிமன்றம் போய் வசூலிக்க முடியாது. அவர் மிரட்டினால் அது காவல்துறைக்குப் போக வேண்டிய செய்தி. பந்தயத்துக்காகவே வாங்கியிருந்தாலும், வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ நண்பரிடமோ வாங்கிய கடன் வேறு. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

கடன் செயலிகளில், பின்னால் இருக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயரை வெளியிடாதவற்றுக்கு ஒரு ரூபாய் அனுப்புவதற்கு முன்பும் அனுமதியில்லாத நிதி நிறுவனங்கள் மீது புகார் செய்வதற்கான ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் புகார் பதிந்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி ஒரு கடன் செயலி கைப்பேசியின் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது. படத்தை மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவோம் என்று மிரட்டினால், அழைப்புகளையும் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். உறவினர்களுக்கு முன்கூட்டியே ‘இப்படி ஏதாவது வந்தால் நம்பாதீர்கள்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டால் மிரட்டலின் பல் விழுந்துவிடும்.

பதிவு பெற்ற நிறுவனங்களிடம் தவணையை நீட்டிக்கக் கேளுங்கள். நண்பர்களுடைய சிறு தொகைகளை, அவன் இனி உங்களிடம் கைமாற்றுக் கேட்டால் கொடுக்காதீர்கள் என்ற வேண்டுகோளோடு, நீங்களே நேரில் கொடுங்கள். எந்தத் தொகையையும் பையன் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லாதீர்கள். நீங்கள் கட்டியதில் ஒரு பகுதியையாவது விடுமுறை நாள் வேலையிலிருந்து அவன் திருப்பித் தரும்படி எழுதி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. முழுவதும் மன்னிக்கப்பட்ட கடன் சீக்கிரம் மறந்துபோகிறது.

மருத்துவரும் பெற்றோரும்

பெங்களூருவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, நிம்ஹான்ஸ் இங்கேயே இருப்பது. அங்கு அடிமைப் பழக்க மருத்துவத்துக்கென்று தனி மையம் உண்டு. 2014இல் தொடங்கப்பட்ட ‘ஷட் கிளினிக்’ கைப்பேசியும் இணையமும் கைமீறிப்போனவர்களுக்காகவே நடக்கிறது. ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரி’ என்று ஊரில் இன்னும் சொல்வார்கள். அதைக் கேட்டு வளர்ந்த பையனும் தயங்குவான், நீங்களும் தயங்குவீர்கள். புறநோயாளியாகப் போய்ப் பேசிவிட்டு அன்றே திரும்பிவரும் சிகிச்சைதான் பெரும்பாலும் தேவைப்படும். சிந்தனைப் போக்கையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைதான் இதில் முதன்மையானது. மனச்சோர்வோ கவனக்குறைபாடோ சேர்ந்திருந்தால் அதற்கும் மருத்துவம் பார்ப்பார்கள். 18 வயது நிறைந்தவன் தானே சிகிச்சை பெறலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவனுடைய மருத்துவத் தகவல்களின் இரகசியத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது.

பெற்றோரிடம் சொல்ல வேண்டுமா என்பதில் என் கருத்து தெளிவானது: சொல்ல வேண்டும், பையனே சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். முழுக் கணக்கும் தயாரான பிறகு, இன்னின்னது செய்தாயிற்று என்ற செய்தியோடு சொன்னால், அம்மா அன்று மாலையே வளையலைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போவதைத் தடுக்க முடியும்.

சட்டத்தைப் பற்றிப் பையனுக்குப் பயம் இருக்கும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் அவற்றுக்குப் பணம் பரிமாறுவதையும் தடை செய்கிறது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடியவர்களுக்கு அதில் தண்டனை இல்லை. பெரிய ரம்மி, ஃபேன்டஸி கிரிக்கெட் நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. ஆனால் விட்டதைப் பிடிக்க நினைப்பவன் அங்கிருந்து வெளிநாட்டுத் தளங்களுக்கோ, பங்குச் சந்தையின் ஆப்ஷன் வணிகத்துக்கோ போய்விடுகிறான். இரண்டாவதை ‘முதலீடு’ என்று சொல்லும்போது பெரியவர்கள் தலையாட்டிவிடுகிறோம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் அடங்கிய எஃப் அண்ட் ஓ பிரிவில் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தார்கள் என்றும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வே சொல்கிறது. ஆகவே பங்கு வணிகத்துக்கான டீமேட் கணக்கு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இருந்தால் எஃப் அண்ட் ஓ வசதியை முடக்கச் செய்யுங்கள்.

மறுபடி சறுக்கினால்

சறுக்கல் வரக்கூடும் என்று முதலிலேயே பேசி வையுங்கள். தேர்வு முடிந்த இரவு, ஐ.பி.எல். நடக்கும் மார்ச் முதல் மே வரையிலான மாலைகள், பகுதிநேர வேலையில் சம்பளம் வந்த நாள் ஆகியவை பெரும்பாலும் ஆபத்தானவை. ஆடிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும், சொன்னால் திட்டு விழாது, மறைத்தால் யூ.பி.ஐ. ஒப்புதல் முறை இன்னும் மூன்று மாதம் நீளும் என்பது போன்ற ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நீங்களும் அதில் உங்கள் பங்கைக் காப்பாற்றுங்கள். 500 ரூபாய் போனதாக அவனே வந்து சொன்னால், அந்த வாரமே மருத்துவரிடமும் சொல்லி, எந்த வழியில் பணம் போனதோ அந்த வழியை அடைத்துவிடுங்கள்.

ஒப்பந்தம் செய்த மாதங்கள் ஒழுங்காகக் கழிந்தால், சொன்னபடி கட்டுப்பாடுகளைத் தளர்த்துங்கள்: முதலில் ஒவ்வொரு செலவுக்கும் ஒப்புதல் தேவையில்லை என்று மாற்றி, பிறகு வாரப் பணத்தை மாதப் பணமாக்கி, கடைசியில் அவனுடைய கணக்கில் யூ.பி.ஐ.யைத் திறக்கலாம். செமஸ்டர் கட்டணத்தை மட்டும், படிப்பு முடியும் வரை ஊரிலிருந்து நேராகக் கல்லூரிக்கே கட்டச் சொல்லுங்கள்.